கர்ப்பம் ஆகும் முன்பே டாக்டரைப் பார்க்கப் போனால் எந்த வரிசையில் நிற்பது?

மார்ச் 3, மாலை. இழையைத் தொடங்கியவர் கேட்டது

கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் போனதில்லை. அலுவலகத்திலும் போனவர் ஒருவர்கூட இல்லை. சும்மா கொடுத்தாலும் போக மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. சொந்த உடம்பின் மேல் அக்கறை இல்லை, அவ்வளவுதான். வேறு தடை என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லலாம்.

மார்ச் 3, இரவு 11.40

நான் போனவள். போன வேகத்தில் திரும்பி வந்தவள். அதனால் சொல்கிறேன்.

மகப்பேறு பிரிவின் வரவேற்பு மேசை. "எத்தனை வாரம்?" என்று நிமிராமலே கேட்டார் அங்கிருந்த பெண். "இன்னும் ஆகலை" என்றேன். "ஓ, நிக்க மாட்டேங்குதா? எத்தனை வருஷமா பாக்கறீங்க?" "அதுவும் இல்லைங்க. இனிமேதான்." இப்போது நிமிர்ந்தார். "அப்ப எதுக்கு வந்தீங்க?"

கையில் ஒரு படிவம் தந்தார். முதல் கட்டம் கடைசி மாதவிடாய்த் தேதி. இரண்டாவது, எத்தனையாவது கர்ப்பம். மூன்றாவது, பிரசவம் எதிர்பார்க்கும் தேதி. மூன்றில் ஒன்றைத்தான் என்னால் நிரப்ப முடிந்தது. இடப்பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் வரிசை. வலப்பக்கம் குழந்தை இல்லையே என்று வந்தவர்களின் வரிசை. இரண்டிலும் நான் சேர்த்தி இல்லை. நடுவில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது, அதில் உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்து டாக்டரை இரண்டு நிமிடம் பார்த்தேன். "கர்ப்பம் ஆனதும் வாங்க."

எனக்கு வலிப்பு நோய். பதினாறு வயதிலிருந்து வால்ப்ரோயேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சாப்பிடுகிறவள் கர்ப்பம் ஆன பிறகு போய் நின்று பிரயோஜனம் இல்லை. ஏன் என்று காலையில் எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

மார்ச் 4, காலை 7.15

ஏன் என்றால் இதுதான். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆரம்பத்தில் ஒரு தட்டையான தகடு. அது இரு ஓரமும் எழும்பி, மடிந்து, குழாயாக மூடிக்கொள்ளும். 28 நாளில் மூடிவிடும். மூடாமல் விட்ட இடம்தான் முதுகில் பிளவு, அல்லது தலையில். வால்ப்ரோயேட் அந்த மூடலைக் கெடுக்கிற மருந்து. ஃபோலிக் அமிலம் அந்த மூடலுக்கு உதவுகிற சத்து. இரண்டும் கணக்கில் வருவது முதல் 28 நாளில். பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரியும்போது அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது.

"ஆனதும் வாங்க" என்பது பூட்டிய கடைக்கு வாங்க என்பது போல.

மார்ச் 4, மதியம். திருத்தம்

காலையில் எழுதியதில் தப்பு. பிரசவ அறையில் வேலை பார்க்கும் ஒருவர் கீழே பிடித்துவிட்டார், நியாயம்தான். 28 நாள் என்பது கரு உருவான நாளிலிருந்து. டாக்டர்கள் வாரம் எண்ணுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. அப்படிப் பார்த்தால் குழாய் மூடுவது ஆறாவது வார முடிவில். மாதவிடாய் தள்ளிப்போனது தெரிவது நான்காவது வார முடிவில். ஆக, நடுவில் இரண்டு வாரம் இருக்கிறது. கதவு சாத்தியாகவில்லை, சாத்திக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த இரண்டு வாரத்தில் என்ன நடக்கும்? தேதி தள்ளுகிறது, "அலைச்சலா இருக்கும்" என்று ஐந்து நாள் போகிறது. சோதித்துப் பார்க்க இன்னும் மூன்று நாள். டாக்டரிடம் நேரம் கேட்டால், "எட்டு வாரம் ஆகட்டும், அப்பதான் இதயத்துடிப்பு நல்லாத் தெரியும்" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எட்டாவது வாரத்தில் வந்து ஃபோலிக் அமிலம் வாங்கிக்கொண்டு போகிறோம், குழாய் மூடி இரண்டு வாரம் கழித்து. தவிர அந்தச் சத்து ரத்தத்தில் போதிய அளவுக்கு ஏறவே பல வாரம் வேண்டும். அதனால்தான் முன்கூட்டியே தொடங்கு என்கிறார்கள்.

உவமையை மாற்றிக்கொள்கிறேன்: கடை பூட்டவில்லை, ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. குனிந்து போகிறவர்கள் போகலாம்.

மார்ச் 6

"நரம்பு டாக்டரே சொல்லியிருப்பாரே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பதிமூன்று வருடம் அவரிடம் போனேன். ஒவ்வொரு தடவையும் இரண்டே கேள்வி: "வந்துதா?" "இல்லை." "மாத்திரை விடாம சாப்பிடறீங்களா?" "ஆமா." பிறகு அதே சீட்டு. எனக்கு வலிப்பு வரவில்லை, அவர் வேலை நன்றாக நடக்கிறது, இதில் பேச என்ன இருக்கிறது? பதினாறு வயதுப் பெண் இருபத்தொன்பது ஆகிவிட்டாள் என்பது சீட்டில் வயதுக் கட்டத்தில் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் எழுந்து கதவுவரை வந்த பிறகு திரும்பி நின்று கேட்டேன். குழந்தை பெத்துக்கலாம்னு நினைக்கிறோம், இந்த மாத்திரை பரவாயில்லையா? கதவுப் பக்கம் நின்றபடிதான் கேட்க முடிந்தது, உட்கார்ந்து கேட்க வரவில்லை. "அதை மகப்பேறு டாக்டர்கிட்ட கேளுங்க" என்றார். மகப்பேறு டாக்டர் சொன்னது மேலே இருக்கிறது. கூடவே ஒரு வரி: "வலிப்பு மாத்திரையை நான் தொட மாட்டேன், அதை அவர்தான் பாக்கணும்."

இருவர் சொன்னதிலும் தப்பில்லை. வலிப்பு இவருடையது, வயிறு அவருடையது. வலிப்பும் வயிறும் சேர்ந்த ஒருத்தி யாருடையவள் என்பதற்குத்தான் பதில் இல்லை. நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு அறைக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்தேன். அறிக்கையில் இருப்பது பாதி புரியாத தபால்காரி.

என்ன கொடுமை என்றால் இது புதுச் செய்தி இல்லை. வால்ப்ரோயேட் வந்த கதையே விசித்திரம். அதை மருந்தென்று யாரும் தேடவில்லை. பிரான்சில் 1962இல் வேறு சேர்மங்களைச் சோதிக்க, அவற்றைக் கரைக்கிற திரவமாக இதைப் பயன்படுத்தினார்கள். எதைக் கரைத்துக் கொடுத்தாலும் விலங்குகளுக்கு வலிப்பு நின்றது. நிறுத்தியது கரைத்த சரக்கு அல்ல, கரைத்த திரவம் என்று பிறகுதான் பிடிபட்டது. 1967இல் சந்தைக்கு வந்தது. 1982இல், அதே பிரான்சில், லியோன் நகரத்தில், இதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுப் பிளவு அதிகமாக இருப்பதைக் கவனித்து எழுதினார்கள். இன்றைய கணக்கில், கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்கு ஏதோ ஒரு பிறவிக் குறை. பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். வளர்ச்சியில், கற்றலில் சிக்கல் வருவது நூற்றுக்கு 30 முதல் 40 குழந்தைகளுக்கு. பிரிட்டனில் 2018இல்தான், கருத்தடை ஏற்பாடு இல்லாமல் குழந்தை பெறக்கூடிய வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று விதி வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் இதையே இன்னும் கண்டிப்பாகச் சொன்னது.

1982க்கும் 2018க்கும் நடுவில் 36 வருடம். அந்த இடைவெளியில் ஒரு ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன்.

முகப்பரு மருந்து ஐசோட்ரெட்டினாயினுக்கு அமெரிக்காவில் 2006லேயே கெடுபிடி வந்துவிட்டது. கர்ப்பம் இல்லை என்று மாதாமாதம் சோதித்துக் காட்டினால்தான் மாத்திரை. பருவுக்கு இருந்த காவல் வலிப்புக்கு இல்லை. இது என் புலம்பல், விடுங்கள்.

மார்ச் 6, இரவு. அவசரமாக

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்தினேன். இரண்டு அறையிலும் பதில் கிடைக்காத வாரத்தில், நடுராத்திரியில் கைப்பேசியில் படித்துப் படித்துப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். ஒன்பதாம் நாள் குளியலறையில் விழுந்தேன். முன்பல் பாதி போயிற்று. இப்போது இருப்பது கேப். தண்ணீர் வாளியில் முகம் இருந்திருந்தால் இந்த இழையில் நான் இருந்திருக்க மாட்டேன்.

மருந்தை மாற்றலாம், குறைக்கலாம். அதை எழுதிக்கொடுத்தவர் மேற்பார்வையில்தான்.

மார்ச் 9

மூன்று நாளாக யோசித்ததில், டாக்டர்கள் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டிவிட்டேனோ என்று உறுத்துகிறது.

என் மாமியார் வீட்டில் யாருக்கும் எனக்கு வலிப்பு இருப்பது தெரியாது. மாத்திரையைப் பட்டையிலிருந்து பிதுக்கி, வைட்டமின் என்று எழுதிய ஒரு புட்டியில் போட்டு வைத்திருந்தேன். மாத்திரை இளஞ்சிவப்பு, புட்டியின் படத்தில் இருந்தது மஞ்சள். யாரும் கவனிக்கவில்லை. ஒரு தடவை மாமியார், "எனக்கும் அசதியா இருக்கு, உன் வைட்டமின்ல ஒண்ணு குடேன்" என்று கையை நீட்டினார். தீர்ந்துபோச்சு அத்தை என்று சொல்லிவிட்டு, அன்று சாயந்திரமே நிஜ வைட்டமின் ஒரு புட்டி வாங்கி வந்து வைத்தேன். இப்போது சிரிப்பு வருகிறது. அன்று கை நடுங்கியது.

இப்படி இருக்கிறவள் எப்படி டாக்டரிடம் போவாள்? காலை நேரம்தான் கிடைக்கும். வேலையில் விடுப்பு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். "குழந்தைக்குத் தயாராகப் போகிறேன்" என்று மேலதிகாரியிடம் சொன்னால் அடுத்த பொறுப்பு வேறொருவருக்குப் போகும். வீட்டில் சொன்னால் அன்றிலிருந்து மாதம் எண்ணத் தொடங்குவார்கள். கர்ப்பம் என்பது சொல்லிக்கொள்ளக் கூடிய செய்தி. கர்ப்பத்துக்கு முன் என்பது செய்தியே இல்லை, அந்தரங்கம். அதை வெளியில் சொல்லாமல் உள்ளே போக வழி வைத்த ஆஸ்பத்திரியை நான் பார்க்கவில்லை.

கேள்வி கேட்டவர் அக்கறை இல்லை என்றார். அக்கறை இருந்தது, அதை வைட்டமின் புட்டிக்குள் போட்டு மூடியிருந்தேன்.

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

"கணவருக்காவது தெரியுமா?" தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

மார்ச் 10

நேற்று எழுதியது பொய். முன்பே சொல்லவில்லை. கல்யாணம் ஆகி மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னேன். பழக்கதோஷம், பதில் தானாக வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும், பெயர் தெரியாதவர்களிடமும்கூட. அவர் கேட்டுவிட்டு, "சரி, விழுந்தா நான் என்ன பண்ணணும்?" என்றார். அவ்வளவுதான். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று சொன்னேன். குளியலறை நாளில் அதைத்தான் செய்தார்.

மார்ச் 12

"உங்களுக்கு நோய் இருக்கிறது, அதனால் சரி. நல்லா இருக்கிறவளுக்கு எதுக்கு?" இதுவும் கேள்வி கேட்டவர்தான். விட மாட்டேன் என்கிறார், நல்லது.

நல்லா இருக்கிறவளுக்கு ஒரு உதாரணம் ரூபெல்லா. வந்தால் லேசான காய்ச்சல், சிவப்புத் தடிப்பு, மூன்று நாளில் போய்விடும். 1941இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் ஏன் இத்தனை பேர் என்று குழம்பினார். அந்தத் தாய்மார்களுக்கு கர்ப்பத்தின் தொடக்கத்தில் இந்தக் காய்ச்சல் வந்திருந்தது. தடுப்பூசி 1969இல் வந்தது. ஆனால் அது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து போடுவது, கர்ப்பத்தில் போட மாட்டார்கள். போட்ட பிறகும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அதாவது, கர்ப்பம் ஆனதும் போய் ரத்தம் சோதித்து, "உங்களுக்கு எதிர்ப்பு இல்லை" என்று தெரிந்தால், அந்தத் தகவலை வைத்துக்கொண்டு அந்தக் கர்ப்பத்துக்கு ஊசி போட முடியாது. பிரசவம் ஆன பிறகுதான் போடுவார்கள். அடுத்த குழந்தைக்கு உதவும்.

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயும் இதே மாதிரிதான். இரண்டு பேரும் அதன் மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முன்பே தெரிந்தால் யோசிக்க நேரம் இருக்கும், பிறகு தெரிந்தால் யோசிக்கச் சில வாரம்தான்.

ரத்தசோகை, தைராய்டு, ரத்த அழுத்த மாத்திரை, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக எழுதலாம். எனக்குப் பொறுமை இல்லை.

மார்ச் 12, இரவு. சம்பந்தம் கொஞ்சம் உண்டு

ஃபோலிக் அமிலம் தேடப்போய் இதைப் படித்தேன். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் ரத்தசோகைக்குக் காரணம் தேடினார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாகிறது என்று 1931இல் எழுதினார். மார்மைட் என்று விற்கிறார்களே, அதேதான். அதில் இருந்த சத்துதான் ஃபோலேட் என்பது பின்னால் தெரிந்தது.

அது குழந்தையின் முதுகையும் காக்கும் என்று ஐயமற நிரூபித்தது 1991இல். ஏழு நாடுகளில் 33 மையங்கள், ஏற்கெனவே ஒரு தடவை இந்தக் குறையோடு குழந்தை பெற்ற பெண்கள். தினம் 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. மருத்துவ உலகில் இவ்வளவு சின்ன மாத்திரைக்கு இவ்வளவு பெரிய பலன் அபூர்வம். இடர் இல்லாதவர்களுக்கு தினம் 400 மைக்ரோகிராம் போதும், என் மாதிரி ஆட்களுக்கு 5 மில்லிகிராம் எழுதித் தருவது வழக்கம்.

தொடங்கி வைத்தவர்கள் ஆலைத் தொழிலாளிப் பெண்கள். இந்த மாத்திரை வாங்குகிற எத்தனை பேருக்கு அது தெரியும்?

மார்ச் 13

"திட்டமிட்டுப் பெற்றால் இந்தப் பிரச்சினையே இல்லையே" என்று ஒரு புதுக் குரல்.

ஐயா, உலகத்தில் 2015 முதல் 2019 வரை ஏற்பட்ட கர்ப்பங்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, 48 சதவீதம், எண்ணாமல் ஏற்பட்டவை. வருடத்துக்கு 12 கோடிக்கு மேல். அவர்களிடம் "மூன்று மாதம் முன்பு வந்திருக்கலாமே" என்று சொல்வதில் என்ன இருக்கிறது? எதற்கு மூன்று மாதம் முன்பு?

இதில் எனக்கே ஒரு குட்டு. இந்த இழையில் நான் இதுவரை எழுதியதெல்லாம், தேதி பார்த்து, கோப்பு எடுத்து, விடுப்புப் போட்டுப் போகிற பெண்ணைப் பற்றி. நான் அப்படிப்பட்டவள், அதனால். மறுபாதி அந்த வரவேற்பு மேசைக்கே வரவில்லை. அமெரிக்காவும் கனடாவும் 1998இல் மாவிலேயே ஃபோலிக் அமிலத்தைக் கலக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். மாவு "எத்தனை வாரம்?" என்று கேட்காது.

ஆனால் மாவில் என் வலிப்பு மாத்திரையை மாற்ற முடியாது.

மார்ச் 17

என் கதை எப்படி முடிந்தது என்று கேட்கிறார்கள்.

பல் உடைந்த பிறகு மறுபடி மாத்திரை வாங்கப் போனேன். வழக்கமாகக் கொடுக்கிறவர் இல்லை, ஒரு இளம் பெண் மருந்தாளுநர். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். கல்லாவின் ஓரத்துக்கு வரச் சொல்லி, மெதுவாகக் கேட்டார்: "அடுத்த ஒரு வருஷத்துல குழந்தை வேணும்னு யோசனை ஏதாவது இருக்காக்கா?"

பதிமூன்று வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கவுன்டரில் அழுதுவிட்டேன், பல் இல்லாத வாயோடு. அவர் ஒரு தாளில் இரண்டு வரி எழுதினார், மருந்துப் பெயரும் ஒரு கேள்வியும். "இதை நரம்பு டாக்டர்கிட்ட கொடுங்க, வாயால சொல்ல வேண்டாம், கையில கொடுங்க."

கொடுத்தேன். படித்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை, அல்லது எனக்கு நினைவு இருக்கிற முதல் தடவை. லாமோட்ரிஜின் என்ற மருந்துக்கு மாறினோம். அதை மளமளவென்று ஏற்ற முடியாது, தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம். அதுவும் வால்ப்ரோயேட் உடம்பில் இருக்கும்போது இன்னும் மெதுவாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25 மில்லிகிராமில் தொடங்கி. முழுசாக மாற ஏழு மாதம் ஆயிற்று. பிறகு மூன்று மாதம் காத்திருந்தோம். கர்ப்பத்தில் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கும் என்பதால் மாதாமாதம் ஊசிக்குத்து.

ஏழு மாதம். "ஆனதும் வாங்க" என்ற வாக்கியத்தில் அந்த ஏழு மாதத்தை எங்கே வைப்பது?

பெண் பிறந்தாள். வயது பதினொன்று. எதிர்த்துப் பேசுவதில் குறை ஒன்றும் இல்லை.

மார்ச் 17, பின்குறிப்பு

எல்லாரும் அந்த மருந்தாளுநர் கேட்ட கேள்வியைக் கேட்டால் போதும் என்று எழுத வந்தேன், நிறுத்திக்கொண்டேன். என் தோழிக்கு மூன்று தடவை கலைந்தது. போகிற இடத்தில் எல்லாம் அவளிடம் இதே கேள்வியைக் கேட்பார்கள், தொண்டை வலிக்குப் போனாலும். இன்னொருத்தி குழந்தை வேண்டாம் என்று இருப்பவள். "இப்ப அப்படித்தான் சொல்வீங்க" என்று சிரிப்பார்களாம். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருத்தியிடம் யாரும் கேட்டதே இல்லை. அவளே கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?" என்று பதில்.

அந்தப் பெண் என்னைக் கல்லா ஓரத்துக்குக் கூப்பிட்டார். குரலைத் தணித்தார். "யோசனை இருக்கா" என்றார், "எப்ப" என்று கேட்கவில்லை. இதையெல்லாம் எந்தப் படிவத்தில் அச்சடிப்பது?

மார்ச் 18

ஆண்களுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டவருக்கு: இருக்கிறது. விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கும். அதாவது இன்று விடுகிற சிகரெட்டின் பலன் மூன்று மாதம் கழித்து. வால்ப்ரோயேட் விஷயத்திலும், கருத்தரிப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் தந்தை சாப்பிட்டிருந்தால் குழந்தையின் வளர்ச்சியில் சிக்கல் வரும் சாத்தியம் இருக்கலாம், எச்சரிக்கையாக இருங்கள் என்று ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்புக் குழு 2024 ஜனவரியில் சொன்னது. உறுதியான முடிவு இல்லை, எச்சரிக்கைதான்.

என் கணவர் என்னோடு மகப்பேறு பிரிவுக்கு வந்த ஒரு நாள், "ஆம்பளைங்க வெளிய" என்றார்கள். அவருக்கு ஸ்டூல்கூட இல்லை.

ஏப்ரல் 2

இழை தூங்கிவிட்டது என்று தெரியும். இன்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாத்தனார் மகளுக்கு இருபத்தாறு வயது, சின்ன வயதிலிருந்து சர்க்கரை, இன்சுலின் போடுகிறாள். கல்யாணம் இந்த வருடக் கடைசியில். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4 இருக்கிறது, குழந்தைக்கு முன் 6.5க்குக் கீழே கொண்டுவர வேண்டும், கண்ணின் விழித்திரையும் பார்க்க வேண்டும் என்று அவளே படித்து வைத்திருக்கிறாள். "அத்தை, துணைக்கு வாங்க" என்றாள். போனேன். அதே கட்டடம். மேசை மாறியிருக்கிறது, கணினி வந்திருக்கிறது. உட்கார்ந்திருந்த பெண்ணும் வேறு.

"எத்தனை வாரம்?"

"மைனஸ் ஐம்பது" என்றாள் இவள்.

அந்தப் பெண் விசைப்பலகையில் மைனஸைத் தட்டினார். கட்டம் சிவப்பாயிற்று. மறுபடி தட்டினார். மறுபடி சிவப்பு. எங்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, அச்செடுத்த சீட்டின் ஓரத்தில் "மை. 50" என்று எழுதி, "உக்காருங்க, டாக்டர்கிட்ட நான் சொல்றேன்" என்றார்.

வரிசை இரண்டும் நிறைந்திருந்தது. தண்ணீர்க் குழாய் பக்கம் இடம் இருந்தது. இன்னும் சொட்டுகிறது.